கொல்லர் மகன் கண்ட அதிசயம்!

லண்டன் மாநகரில் ஓர் ஏழைக் கொல்லர். உடம்பு சரியில்லாததால் வேலைக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. 1801-ம் ஆண்டு வீட்டில் பஞ்சம். அவருடைய 9 வயது மகனுக்கு ஒரு வாரம் முழுவதற்கும் ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்தது.

அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகம் போற்றிய விஞ்ஞானி மைக்கேல் பாரடே!

பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் 7 ஆண்டுகள் தொழில் பழகினார். பைண்டுக்கு வந்த புத்தகங்களை ஆவலோடு படித்தார். 1812-ல் டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பு எடுத்தார். அதைத் தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே டேவியின் ஆராய்ச்சிச்சாலையில் உதவியாளர் வேலை கிடைத்தது!

சூடு செய்த வேலை

உலோகத்தைச் சூடாக்கினால் மின்சாரம் பாய்வது குறையும். 1833-ல் வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருளைப் பாரடே சூடாக்கினார். அதிலோ மின்சாரம் அதிகமாகப் பாய்ந்தது! காரணம் விளங்கவில்லை. ஆனாலும் கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார்.

மின்சாரத்தைச் சுமந்து நகரும் துகள்களுக்கு, 1834-ல் 'அயனி' என்ற பெயரை அறிமுகப்படுத்தியவரும் அவரே. கெட்டியான பொருளுக்குள்ளும் அயனிகள் நகரும் என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. 1867-ல் பாரடே காலமானார்.

எல்லையில் ரகசியம்

1973-ல் லியாங் என்ற விஞ்ஞானி ஒரு புதுமையை வெளியிட்டார். லித்தியம் அயோடைடு என்பது ஒரு வகை உப்பு. அதில் அயனிகள் மெதுவாகத்தான் நகரும். அலுமினாத் தூளிலோ மின்சாரம் பாயவே பாயாது. இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? அயனி ஓட்டம் சுமார் 50 மடங்கு பெருகியது!

எப்படி? திருவிழாக் கூட்டத்தின் நடுவே நகர முடியாது. சுவர் ஓரமாகச் சிலர் விலகி இடம் விட்டால், அந்த வழியே போகலாம் அல்லவா? அதுபோல, உப்பும் தூளும் தொடுகிற எல்லையில் அலுமினா சில அயனிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அங்கே காலி இடங்கள் உண்டாகின்றன. மற்ற அயனிகள் அவற்றில் தாவித் தாவி ஓடுகின்றன. தூள் அளவு மீறினாலோ, அதுவே வழியை அடைத்துவிடும்!

தீப்பற்றும் திரவம் இல்லாத பாட்டரி செய்ய முயலும் விஞ்ஞானிகள், இன்று இந்த எல்லைகளைத்தான் ஆராய்கிறார்கள். காரணம் புரியவில்லை என்று பாரடே அன்று அதை ஒதுக்கிவிடவில்லை. அந்த ஏழைக் கொல்லர் மகன் எழுதி வைத்த குறிப்பில் பிறந்த வழி இது!