பைத்துல் முகத்தஸில் துயிலும் பத்திரிகையாளர்: மவ்லானா முஹம்மது அலீ ஜவ்ஹர் (ரஹ்)

2023 அக்டோபருக்குப் பின் நமது மஹல்லாவாசிகள் பலரும், ஃபஜ்ருத் தொழுகை முடிந்து தேநீர்க் கடைக்குச் செல்லும் வழியில் என்னிடம் கேட்டுவரும் கேள்வி ஒன்றுண்டு. காஸாவில் நடப்பதைப் பற்றி ஒரு பத்திரிகை ஒரு விதமாகவும், ஒரு தொலைக்காட்சி வேறு விதமாகவும் சொல்கின்றனவே, எதை நம்புவது என்பதே அக்கேள்வி. இஸ்ரேலியர் இறந்தால் கொன்றவர் யாரென்பது தலைப்பிலேயே வந்துவிடுகிறது. ஃபலஸ்தீனர் இறந்தாலோ, பல செய்திகளில் அவர்கள் வெறுமனே உயிரிழந்தவர்களாகி விடுகின்றனர். மழையில் சுவர் இடிந்து விழுந்து மாண்டவர்களைப் போல. இக்கேள்விக்கு நேரான விடையைச் சொல்வதைவிட, செய்தித்தாளின் ஓரவஞ்சனையோடு வாழ்நாளெல்லாம் போராடி, இறுதியில் அந்த ஃபலஸ்தீன மண்ணிலேயே நல்லடக்கம் செய்யப்பட்ட ஓர் இந்தியப் பெருமகனாரின் வரலாற்றைச் சொல்வது பயனுள்ளது எனக் கருதுகிறேன்.

மவ்லானா முஹம்மது அலீ ஜவ்ஹர் (ரஹ்) அவர்கள் 1878 டிசம்பர் 10ஆம் நாள் ராம்பூரில் பிறந்தார்கள். சின்னஞ்சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள். பீ அம்மா என்று நாடு முழுவதும் பின்னாளில் போற்றப்பட்ட தாயார் ஆபாதீ பானூ பேகம் அவர்கள், உறவினரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, தமது நகையை அடகு வைத்துப் பிள்ளைகளை ஆங்கிலக் கல்விக்கு அனுப்பினார்கள். அலீகரிலும், 1898 முதல் ஆக்ஸ்போர்டு லிங்கன் கல்லூரியிலும் பயின்ற அன்னார், ஐ.சி.எஸ். தேர்வில் வெற்றி பெறவில்லை. ராம்பூரிலும் பரோடா சமஸ்தானத்திலும் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1911 ஜனவரி 14 அன்று கல்கத்தாவில் 'காம்ரேட்' என்னும் ஆங்கில வார இதழைத் தொடங்கினார்கள். தலைநகர் டெல்லிக்கு மாறியபோது இதழும் 1912இல் அங்கே சென்றது. 1913இல் 'ஹம்தர்த்' என்னும் உருது நாளிதழும் பிறந்தது.

அக்காலத்தில் வெளிநாட்டுச் செய்தி நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது என்பதை இங்கே அறிந்துகொள்ள வேண்டும். கடலடித் தந்திக் கம்பியில் ராய்ட்டர் நிறுவனம் லண்டனிலிருந்து அனுப்பிய சுருக்கமே செய்தி. சென்னையிலோ டெல்லியிலோ உள்ள ஆசிரியர் அதைப் பெயர்த்து அச்சிடுவார். தாமாகச் சென்று பார்த்துவர எவரிடமும் வசதி கிடையாது. லண்டனில் இருப்பவர் எதை முக்கியமென்று எண்ணினாரோ, அதுவே நம் ஊர் வாசகருக்கும் முக்கியம்!

1912இல் பால்கன் போர் மூண்டது. துருக்கியர் செய்த கொடுமைகளை ஐரோப்பியப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. மக்கதோனியாவில் முஸ்லிம் கிராமத்தார் கொல்லப்பட்டதைப் பற்றியோ அவற்றில் இடம் குறைவாகவே இருந்தது. இந்நிலையில், அக்கொலைகளை எடுத்துரைத்து, கிறித்தவ இங்கிலாந்தின் உதவியைக் கோரிய ஒரு சிறு பிரசுரம் துருக்கியிலிருந்து முஹம்மது அலீ அவர்களுக்கு வந்து சேர்ந்தது. அதை 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டப்படி அரசு பறிமுதல் செய்தது. அன்னார் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். 1913இல் தலைமை நீதிபதி ஜென்கின்ஸ் தலைமையிலான அமர்வு அவ்வழக்கை விசாரித்தது. பிரசுரம் ராஜத் துரோகமானதல்ல என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் சட்டத்தின் சொற்கள் மிக அகன்றவை. தம் எழுத்து அவற்றுள் அடங்காது என மெய்ப்பிக்கும் பாரம் எழுதியவர் தலையில்தான் விழுகிறது. ஆதலால் நிவாரணம் தர இயலாது என்று மனு தள்ளுபடியாயிற்று. ஒரு தரப்பின் பிணங்களை எண்ணலாம், மறு தரப்பின் பிணங்களை எண்ணினால் குற்றம் என்னும் நிலை அன்றே இருந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு முதல் உலகப் போர். துருக்கியர் எப்பக்கம் நிற்க வேண்டும் என்று அதட்டும் தொனியில் லண்டன் டைம்ஸ் ஒரு தலையங்கம் தீட்டியது. அதே தலைப்பிலேயே முஹம்மது அலீ அவர்கள் 1914 செப்டம்பர் 26ஆம் தேதி காம்ரேடில் நீண்டதொரு மறுப்பு எழுதினார்கள். பிரிட்டன் துருக்கிக்கு இழைத்த அநீதிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டியபோதும், முடிவில் துருக்கி போரில் சேராதிருப்பதே நலம் என்றுதான் அன்னார் ஆலோசனை கூறியிருந்தார்கள். அதை அரசு கவனித்ததாகவே தெரியவில்லை. பிணைத் தொகை பறிக்கப்பட்டது, இதழ் நின்றது. 1915 மே மாதம் தொடங்கிய காவல், சிந்த்வாரா முதலிய ஊர்களில் 1919 டிசம்பர் வரை நீடித்தது. தமையனார் மவ்லானா ஷவ்கத் அலீ அவர்களும் உடனிருந்தார்கள்.

விடுதலைக்குப் பின் கிலாஃபத் இயக்கம். 1920இல் தூதுக்குழுவுடன் லண்டன் சென்று பிரதமர் லாயிட் ஜார்ஜைச் சந்தித்தும் பலனில்லை. 1921 செப்டம்பர் 14 அன்று, காந்தியடிகளுடன் சென்னைக்கு வரும் வழியில், வால்டேர் ரயில் நிலையத்தில் அன்னார் கைது செய்யப்பட்டார்கள். காந்தியடிகள் தனியே தமிழகம் வந்து, மதுரையில் அரையாடை பூண்டது அதற்கடுத்த வாரத்தில்தான். அன்று நம் மண்ணுக்கு வந்து சேர வேண்டியவர் கராச்சி நீதிமன்றத்தில் நின்று ஈராண்டுக் கடுங்காவல் பெற்றார். 1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸுக்கு அன்னாரே தலைவர். சட்டசபைப் பிரவேசம் கூடாதென்ற அணியின் முன்னணியில் நின்றவர், நமது சேலத்தின் நகராட்சித் தலைவராக விளங்கிய ராஜாஜி அவர்கள் என்பதை இவ்வூரார் நினைவுகூரலாம்.

அன்னாரிடம் குறையே இல்லையா எனில், உண்டு. காம்ரேடும் நடுநிலை ஏடன்று. துருக்கியர் பக்கமே சாய்ந்து நின்றது. துருக்கியைப் பற்றிய பல நல்ல எண்ணங்கள் நேசத்தால் விளைந்தவை. 1924 மார்ச் 3 அன்று துருக்கியரே கிலாஃபத்தை ஒழித்தபோது, இந்திய முஸ்லிம்கள் திகைத்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். விரோதத்தினால் செய்தி கோணுவது போலவே பாசத்தினாலும் கோணும். எவரேனும் ஒரு செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்ற சூரா ஹுஜுராத்தின் கட்டளை, அடுத்தவர் கொண்டுவரும் செய்திக்கு மட்டும் உரியதன்று. சிரியாவின் பழைய படங்களைக் காஸா என்று சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2023 அக்டோபர் 7இல் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதை மறைத்துப் பேசுவதும் நமக்குத் தகாது. காஸாவின் பல்லாயிரம் மரணங்களுக்குப் பொய்ப்படம் தேவையில்லை. அந்நிய நிருபர்கள் தாமாக உள்ளே செல்ல இஸ்ரேல் தடை விதித்த நிலையில், அங்கிருந்து செய்தி அனுப்பிய ஃபலஸ்தீனப் பத்திரிகையாளர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரைக் கொடுத்துள்ளனர். அந்தச் செய்திகளைத் தேடிப் படிக்கலாமே!

1930இல், நீரிழிவால் உடல் நைந்த நிலையிலும், மவ்லானா அவர்கள் வட்டமேசை மாநாட்டிற்காக லண்டன் சென்றார்கள். அடிமை நாட்டிற்கு உயிருடன் திரும்பப் போவதில்லை என்ற கருத்துப்பட அங்கே முழங்கினார்கள். அவ்வாறே 1931 ஜனவரி 4 அன்று அங்கேயே வஃபாத்தானார்கள். (இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.) பைத்துல் முகத்தஸின் முஃப்தி அமீனுல் ஹுஸைனி அவர்களின் அழைப்பின் பேரில், ஜனாஸா கடல் வழியே எகிப்திற்கும், அங்கிருந்து புனித நகருக்கும் கொண்டுசெல்லப்பட்டது. ஜனவரி 23, ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை. ஹரம் ஷரீஃபின் மேற்குப் புறத்தை ஒட்டிய மத்ரஸாக் கட்டடத்தில் நல்லடக்கம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்நகரில் கூடிய உலக இஸ்லாமிய மாநாட்டில், இந்தியாவிலிருந்து சென்ற ஷவ்கத் அலீ அவர்களும் கலந்துகொண்டார்கள்.