அமைதி கண்ட அண்ணாமலை முனிவர்

நமுனுகுல மலையின் சாரலிலே வாழும் நமக்கு மலை புதிதன்று. ஒன்பது சிகரங்கள் என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கி, 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அம்மலை, சில நாட்களில் மூடுபனிக்குள் முற்றும் மறைந்து விடுகின்றது. மறைந்தாலும் அது அசைவதில்லை. அதன் நிழலில் வாழும் நம் உள்ளமோ ஒரு கணமேனும் அசையாதிருப்பதில்லை. பரீட்சை முடிவு எப்படி வருமோ, உத்தியோகம் கிடைக்குமோ, கடைக் கடன் எப்போது தீருமோ, கொழும்புக்கு வேலைக்குப் போன தம்பி எவ்வாறிருக்கின்றானோ என்று ஓயாது அலைகின்றது. ஒன்று கிடைத்தால் மற்றொன்றை நாடுகின்றது. இத்தகைய உள்ளத்துக்கு மருந்து தேடும் இளைஞர் அனைவரும், வேறொரு மலையின் அடியிலே 50 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த பகவான் ரமண மகரிஷியின் சரிதத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

பாண்டிநாட்டிலே திருச்சுழி என்னும் ஊரில், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், சுந்தரமையருக்கும் அழகம்மைக்கும் மகனாகப் பிறந்தார். வேங்கடராமன் என்பது பிள்ளைப் பெயர். 1892இல் தந்தையார் காலமாகவே, மதுரையிலே சிறிய தந்தையார் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். அங்கே அவர் சேர்ந்தது அமெரிக்க மிஷன் உயர்தரப் பாடசாலை. மிஷன் பாடசாலையிலே பயின்ற எமக்கு, இச்செய்தியை அறிந்த நாள்முதல் அவர் எட்டாத் தொலைவிலுள்ள முனிவராகத் தோன்றவில்லை. நம் வகுப்பிலே பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவராகவே தோன்றினார். படிப்பிலும் அவர் முதல்வரல்லர். விளையாட்டிலும் மற்போரிலுமே அவருக்கு விருப்பம் மிகுதி.

1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே ஒரு நாள், வீட்டு மாடியில் தனியே இருந்தபோது, யாதொரு நோயுமின்றி, சாகப்போகின்றோம் என்னும் அச்சம் அவரைத் திடீரெனப் பற்றியது. அப்போது வயது 16. வேறொருவராயின் பெரியோரை அழைத்திருப்பர். வைத்தியரைத் தேடி ஓடியிருப்பர். அவரோ அவ்வச்சத்தினின்று ஓடாமல் அதனை நேருக்கு நேர் நோக்கினார். பிணம்போல் கை கால்களை நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, இவ்வுடல் சுடலையிலே வெந்து சாம்பரானால் அதனோடு தாமும் அழிவதுண்டோ என ஆராய்ந்தார். உடல் அழியினும் அழியாத ஒன்று உள்ளே விளங்குவதை உணர்ந்தார். சிறிது நேரத்திலே அச்சம் நீங்கிற்று. பின்னர் ஒருபோதும் அது திரும்பவில்லை.

அதன்பின் படிப்பிலே மனம் செல்லவில்லை. ஆகஸ்ட் 29ஆம் நாள், தமையனார் கல்லூரிச் சம்பளத்துக்காக எடுத்துச் செல்லும்படி கூறிய ஐந்து ரூபாவிலே மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டு, திருவண்ணாமலை நோக்கிப் புறப்பட்டார். இரயிலிலும் கால்நடையாகவும் பயணஞ் செய்து, வழியிலே காதுக் கடுக்கனையும் அடகு வைத்து, செப்டெம்பர் 1ஆம் நாள் அருணாசலேசுவரர் சந்நிதியை அடைந்தார். பாதாள லிங்கக் குகையிலே பூச்சிகள் கடித்துப் புண்ணான உடலையும் உணராது நிட்டையில் இருந்தார்.

1898ஆம் ஆண்டு இறுதியிலே அன்னையார் மகனைத் தேடி வந்தார். பவழக்குன்றிலே சடையும் அழுக்குமாய் அமர்ந்திருந்த மகனைக் கண்டு கதறினார்; நாட்கணக்காக மன்றாடினார். மகன் வாய் திறக்கவில்லை. அருகிருந்தோர் வேண்ட, வினைப்பயனைப் பற்றிச் சில வரிகளை மட்டும் எழுதிக் கொடுத்தார். தாய் தனியே திரும்பினார்.

இவ்விடத்திலே எம் உள்ளம் தயங்குகின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்து நம்மைப் படிக்க வைக்கும் அன்னையரை எண்ணும்போது, பெற்றவளை அழவைத்துப் பெறும் அமைதியும் ஓர் அமைதியோ என்று கேட்கத் தோன்றுகின்றது. ஆனால் சரிதம் அங்கே முடிந்துவிடவில்லை. 1916இல் அழகம்மையார் மகனோடு வாழவே வந்து சேர்ந்தார். கந்தாசிரமத்திலே அவர் மூட்டிய அடுப்பே பின்னர் ஆசிரமத்தின் அடுக்களையாயிற்று. 1922ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் அன்னையாரின் இறுதிநாள். அன்று காலைமுதல் இரவுவரை, ஒரு கையை அவர் மார்பிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்து, மகன் அருகிலேயே அமர்ந்திருந்தார். மலையடியிலே அன்னையாரின் சமாதியைச் சூழ்ந்தே இன்றைய ரமணாசிரமம் எழுந்தது.

மேலும், தம்மைப்போல் வீட்டைத் துறந்து வருமாறு அவர் பிறரைத் தூண்டவில்லை. துறவு பூண விரும்பி வந்த இல்லறத்தார் பலரைக் கடமைக்கே திருப்பி அனுப்பினார். இடம் மாறினாலும் மனம் கூடவே வருமன்றோ! 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் அரசாங்க உத்தியோகத்தர் கேட்ட வினாக்களுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் ‘நான் யார்?’ என்னும் சிறு நூலாயின. அதன் வழி எளியது. ஓர் ஆசையோ கவலையோ எழும்போது அதன் பின்னே ஓடாமலும் அதனோடு போராடாமலும், இது யாருக்கு எழுந்தது என்று உள்ளே திரும்பிப் பார்த்தல் வேண்டும். பார்க்கப் பார்க்க, எழுந்தது தானே அடங்கும்.

அவர் கண்ட அமைதி சோம்பலன்று. விடியுமுன் எழுந்து அடுக்களையிலே காய்கறி நறுக்கினார். சிந்திய கடுகையும் பொறுக்கி எடுத்தார். பிறருக்கு இல்லாத உணவைத் தமக்கென ஏற்றதில்லை. 1924இல் திருடர் புகுந்து தொடையிலே அடித்தபோதும், திருப்பி அடிக்க எழுந்த அன்பரைத் தடுத்தார். இடக்கையிலே புற்றுநோய்க் கட்டி தோன்ற, 1949இல் நான்கு முறை சத்திர சிகிச்சை நடந்தது. அந்நிலையிலும் தரிசனத்துக்கு வந்தோரைத் தடுக்க அவர் இசையவில்லை. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, அன்பர்கள் சூழ, அமைதியாகவே உடலை நீத்தார். 16 வயதிலே சாவை எதிர்நோக்கிய அதே நெஞ்சம் 70 வயதிலும் நடுங்கவில்லை.

இளைஞர்களே! நாம் வீட்டைத் துறக்க வேண்டியதில்லை. பாடப் புத்தகத்தை மூடவும் வேண்டியதில்லை. பெரட்டுக்கு அன்னை புறப்படும் அந்த வைகறையிலே, ஐந்து நிமிடம் அமர்ந்து, கவலைப்படுபவன் யார் என்று நம்மையே கேட்டுப் பார்ப்போம். பின்னர் எழுந்து, அவள் சுமையிலே ஒரு பங்கை நாமும் ஏற்போம். பனி விலகும்போது மலை இருந்த இடத்திலேயே இருக்கக் காண்போம். நம் உள்ளத்திலும் அம்மலை உண்டு.