இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்த சென்னை டாக்டர்... யார் இந்த சுனிதி சாலமன்?

புளியந்தோப்புக்காரர்கள் அவசரத்துக்கு ஓடும் ஜி.ஹெச். பக்கத்திலேயே இருக்கிறது சென்னை மருத்துவக் கல்லூரி. எய்ட்ஸ் வெளிநாட்டு நோய் என்று பலரும் நம்பிய 1986-ல், அங்கே பேராசிரியராக இருந்த சுனிதியும் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தனர்.

எச்.ஐ.வி. அப்படி என்னதான் செய்யும்? வைரஸோடு வருஷக்கணக்கில் மோதும் சிடி8 செல்கள் சோர்ந்துவிடாமல் காப்பது, சிடி4 செல்கள் அனுப்பும் ஐஎல்-21 போன்ற சிக்னல்கள்தான். எச்.ஐ.வி. அந்த சிடி4 செல்களையே அழிக்கும். சிக்னல் குறைந்தால் எதிர்ப்பு சக்தியும் சரியும். தினமும் மாத்திரை எடுத்தால் வைரஸ் அடங்கும், சிடி4 ஏறும்.

நோயாளிகளைத் தொடவே பலர் பயந்த காலத்தில், 1993-ல் அவர்களுக்காகவே ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார் சுனிதி. 2015-ல் மறைந்தார், 2017-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இன்று அரசு மையங்களில் டெஸ்ட், மாத்திரை ரெண்டுமே இலவசம். பயப்படாம போங்க.