நிலக்கரியை எண்ணெயாக்கிய அறிஞர்

பிரீட்ரிக் பெர்கியுஸ் 1884ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தையாரின் வேதித் தொழிற்சாலையே அவருக்கு முதற் பயிற்சிக்களம் ஆயிற்று.

காற்றுப் புகாக் கலனில் நிலக்கரியைச் சூடேற்றினால் வாயுவும் தாரும் சிறிதளவே வெளியேறும். பெரும்பகுதி கல்கரியாக எஞ்சிவிடும். வெப்பத்தால் உடையும் மூலக்கூறுகள் மீண்டும் தம்முள் பிணைந்து இறுகுவதே இதற்குக் காரணம். உடைந்த கூறுகளோடு உடனுக்குடன் ஹைட்ரஜன் சேர்ந்தால் அவை எண்ணெயாக மாறும். சாதாரண அழுத்தத்தில் போதிய ஹைட்ரஜன் அவற்றைச் சென்றடைவதில்லை. எனவே, பெர்கியுஸ் நிலக்கரித் தூளைக் கனத்த எண்ணெயில் குழைத்து, ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தமுள்ள ஹைட்ரஜன் சூழலில், 400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினார். கரி எண்ணெயாயிற்று. 1913இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரினார்.

பெருந்தொழிலாக வளர்க்கும் பொருள்வளம் இல்லாமையால் காப்புரிமையை விற்க நேர்ந்தது. 1931இல் கார்ல் போஷுடன் இணைந்து வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். எனினும், அவர் கண்ட எரிபொருள் இரண்டாம் உலகப்போரில் போர் விமானங்களை இயக்கப் பயன்பட்டது. போருக்குப்பின் தாய்நாட்டில் தக்க பணி கிட்டாமல் அர்ஜென்டினா சென்ற பெர்கியுஸ், 1949இல் புவெனஸ் ஐரிசில் மறைந்தார்.

சூழல் மாறினால் கரியின் பயன் மாறும் என்று காட்டியவர் அவர். அறிவின் பயனும் அது சேரும் கைகளைப் பொறுத்ததே என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.