ஜாஸ் பிடிக்குமா? அப்போ இந்தத் தோடியைக் கேளுங்க!

சிறுசேரி சிப்காட்டுக்குப் போற ஆபீஸ் பஸ்ல பாதிப் பேர் காதுல ஹெட்போன் இருக்கும். அதுல ப்ளூஸ், ஜாஸ் கேட்கிறவங்களும் உண்டு. நீங்க அந்த ரகமா? உங்க பிளேலிஸ்ட்ல ஒரு நாதஸ்வரத்தையும் சேர்த்துக்கோங்க. வாசிச்சவர், திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

1898-ல் பிறந்தவர். ட்ரம்பெட்டால் ஜாஸையே மாற்றிய லூயி ஆம்ஸ்ட்ராங்கைவிட மூணு வயசு மூத்தவர். ரெண்டு பேர் கையிலும் இருந்தது ஊதுகுழல்தான். எழுதி வைக்காத இசையை மேடையிலேயே உருவாக்குவதுதான் ரெண்டு பேரோட பலமும்.

தாய்மாமன் நடேச பிள்ளையிடம் வளர்ந்த ராஜரத்தினம், முதலில் கற்றது வாய்ப்பாட்டு. நாதஸ்வரம் அப்புறம்தான். அதனால்தானோ என்னவோ, அவர் வாசித்தால் குழல் பாடுகிற மாதிரி இருக்கும். உச்ச ஸ்ருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரியை விட்டு, நீளமான, தாழ்ந்த ஸ்ருதி பாரி நாதஸ்வரத்துக்கு மாறினார். சத்தம் குறைந்தது, நெகிழ்வு கூடியது.

அந்தக் காலத்தில் நாதஸ்வரக்காரர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் வாசிக்கணும். பாடகர்களுக்கு மேடை, இவங்களுக்கு வாசல். ராஜரத்தினம் அதை ஏற்கவில்லை. மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்பதில் உறுதியாக இருந்தார். கிராப்பு, கோட்டு என்று கம்பீரமாக வலம் வந்தார். 1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனே அவர்தான். 1947-ல் டெல்லியில் நடந்த சுதந்திர விழாவிலும் அவருடைய நாதஸ்வரம் ஒலித்தது.

சரி, தோடிக்கு வருவோம். அவர் தோடி ஆலாபனையில் வார்த்தை கிடையாது, தாளம் கிடையாது. அடுத்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. மூணாவது ஸ்வரமான காந்தாரத்தைக் கவனிங்க. அது ஒரே இடத்தில் நிற்காது, அசைஞ்சுகிட்டே இருக்கும். ப்ளூஸ் பாடகர்களும் அதே மூணாவது ஸ்வரத்தைத்தான் வளைத்து வளைத்து ஏக்கத்தைக் கொண்டுவருவார்கள். நாதஸ்வரத்தில் அந்த அசைவுக்குத் தனி பட்டன் எதுவும் இல்லை. மூச்சும், உதடும், பாதி திறந்த விரலும்தான்.

இன்னொண்ணு, சத்தத்தின் ஏற்ற இறக்கம். முழங்கிவிட்டு சட்டென்று அடங்கும் இடத்தில் வால்யூமைக் கூட்டாதீங்க. அந்த அடக்கத்தில்தான் உணர்ச்சி இருக்கு.

அவர் மணிக்கணக்கில் வாசித்த இரவுகள் பல காற்றோடு போய்விட்டன. அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்கள்தான் பதிய முடியும். 1956-ல் அவர் மறைந்தபோது மிஞ்சியது அந்தத் தட்டுகளும் சில ஒலிப்பதிவுகளும் மட்டும்தான்.

அதனால, அடுத்த கல்யாணத்துக்குப் போனா நேரா பந்திக்கு ஓடாதீங்க. நாதஸ்வரக்காரர் முன்னாடி அஞ்சு நிமிஷம் உட்காருங்க. அங்கேயும் ஒருத்தர் அந்த நொடியில் ஏதோ ஒண்ணைப் புதுசா உருவாக்கிட்டு இருக்கலாம். அதைக் கேட்க யாராவது வேணாமா?