பறக்கும் ஆம்புலன்ஸ் கண்ட டாக்டர்

ரோட்டில் சைரன் ஒலி கேட்டால் எல்லோரும் ஒதுங்கி வழி விடுகிறோம். உள்ளே ஓர் உயிர் ஊசலாடுகிறது என்பது நமக்குத் தெரியும். ஆபத்தான நிலையில் இருப்பவரை ஹெலிகாப்டரில்கூடத் தூக்கிச் செல்கிறார்கள்.

இதற்கெல்லாம் 200 ஆண்டுகளுக்கு முன்பே வழி காட்டியவர் ஒரு ராணுவ டாக்டர். அவர் பெயர் டொமினிக் ஜான் லாரே.

பிரான்ஸ் தேசத்தில், பிரனீஸ் மலைப்பகுதியில் உள்ள ஒரு சிறு கிராமத்தில் 1766-ம் ஆண்டு லாரே பிறந்தார். 13 வயதில் அநாதையானார். துலூஸ் நகரில் டாக்டராக இருந்த உறவினர் அவரை வளர்த்து, வைத்தியமும் கற்றுக் கொடுத்தார்.

போர்க்களத்தில் கண்ட காட்சி

1792-ம் ஆண்டு லாரே ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே கண்ட காட்சி அவர் மனதை வாட்டியது.

அந்தக் காலத்தில் வைத்திய வண்டிகள் போர்க்களத்துக்கு வெகுதூரம் பின்னால் நிற்கும். சண்டை ஓய்ந்த பிறகுதான் புறப்படும். கனமான வண்டிகள். வந்து சேர ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். அதற்குள் காயம்பட்டவர்களில் பலர் ரத்தம் சிந்தியே இறந்து போவார்கள்.

குதிரைகள் பூட்டிய பீரங்கிகள் மட்டும் களத்தில் சிட்டாகப் பறந்தன. கொல்லும் பீரங்கி இவ்வளவு வேகமாக ஓடும்போது, காப்பாற்றும் வண்டி ஓடக் கூடாதா என்று லாரே யோசித்தார்.

இரட்டைக் குதிரை வண்டி

இலேசான வண்டி ஒன்றைச் செய்தார். இரண்டு சக்கரம், இரண்டு குதிரை. குலுங்காமல் இருக்க வில் வைத்தார். உள்ளே மெத்தை. இரண்டு பேர் படுக்கலாம். டாக்டர்களும் குதிரை ஏறிக் கூடவே சென்றார்கள். சண்டை நடக்கும்போதே சிகிச்சை தொடங்கியது. இதற்குப் பறக்கும் ஆம்புலன்ஸ் என்று பெயர்.

சண்டை பாலைவனத்துக்குப் போனபோது, ஒட்டகத்தின் இரு பக்கமும் கூடை கட்டிக் காயம்பட்டவர்களை ஏற்றினார்.

யாருக்குக் காயம் அதிகமோ அவருக்கே முதல் சிகிச்சை. தளபதியா, சிப்பாயா, எதிரியா என்று லாரே பார்க்கவில்லை. இன்றும் ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் இதுதான் முறை.

சக்கரவர்த்தி முன் நின்றார்

1813-ம் ஆண்டு ஒரு சோதனை வந்தது. போருக்குப் பயந்து தங்கள் கையைத் தாங்களே சுட்டுக்கொண்டதாக ஏராளமான இளம் சிப்பாய்கள் மீது குற்றம் சாட்டினார்கள். நெப்போலியன் கடுங்கோபத்தில் இருந்தார். மரண தண்டனை காத்திருந்தது.

லாரே காயங்களைப் பரிசோதித்தார். சிப்பாய்கள் குற்றமற்றவர்கள் என்று சக்கரவர்த்தியிடமே துணிந்து சொன்னார். நெப்போலியன் அதை ஏற்றார். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

எதிரி கையில்

1815-ம் ஆண்டு வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றார். லாரே பிரஷ்யப் படையிடம் சிக்கினார். சுட்டுக் கொல்ல உத்தரவாயிற்று. கடைசி நேரத்தில் ஒரு பிரஷ்ய டாக்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். எதிரித் தளபதி புளூச்சரிடம் கொண்டு போனார்கள். புளூச்சரின் மகனை முன்பு ஒரு சமயம் காப்பாற்றியவர் இதே லாரேதான்! அவர் செய்த தர்மம் அவர் தலையைக் காத்தது.

நெப்போலியன் தம் உயிலில் லாரேக்கு ஒரு லட்சம் பிராங்க் எழுதி வைத்தார்.

1842-ம் ஆண்டு, 76-வது வயதில் லாரே காலமானார். 1950-ம் ஆண்டு தொடங்கிய கொரியப் போரில் காயம்பட்டவர்களை ஹெலிகாப்டர்கள் தூக்கிச் சென்றன. லாரேயின் ஆம்புலன்ஸ் நிஜமாகவே பறந்தது!