நாகசுரச் சக்கரவர்த்தி

பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரநாதர் திருவுலா எழுந்தருளும்போது முன்னே ஒலித்துச் செல்லும் நாகசுரத்தின் கம்பீரத்தை நம் பகுதியார் நன்கறிவர். (நாதசுரம் என்பது பிற்கால வழக்கு, நாகசுரம் என்பதே பழம்பெயர்.) அக்கருவி இன்றைய உருவையும் உயர்வையும் எய்தப் பெரிதும் காரணராயிருந்தவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை.

1898ஆம் ஆண்டிற் பிறந்த இவருக்கு முதலில் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். ஆதீன வித்துவானாக விளங்கிய தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை இவரைத் தம் மகனாகவே ஏற்று வளர்த்தார். நாகசுரத்தை அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் கற்றாரெனினும், அதற்கு முன் பயின்றது வாய்ப்பாட்டு. பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் பெற்ற அப்பயிற்சியே பிற்காலத்தில் இவரது குழலைப் பாடவைத்தது என்பது எம் துணிபு.

அக்காலத்து நாகசுரக்காரர் நிலை இரங்கத்தக்கது. மேலாடையை இடுப்பிற் கட்டிக்கொண்டு நின்றும் நடந்தும் ஊதவேண்டும். பாடகருக்கு மேடை, இவர்களுக்கு வீதி. இராசரத்தினம் இதற்கு இணங்கினாரல்லர். மேடையில் அமர்ந்தே வாசித்தார், குடுமி களைந்து கிராப்பு வைத்தார், சட்டை அணிந்தார், ஒத்தினை விடுத்துத் தம்பூராச் சுருதியை அமைத்துக்கொண்டார். பலர் இதனைச் செருக்கென்றனர். செருக்கு இருந்ததும் உண்மையே; ஆயினும் அதனால் நன்மை பெற்றது ஓர் இனத்துக் கலைஞர் அனைவரும்.

உடையை மாற்றுதல் எளிது. கருவியை மாற்றுதல் அரிது. அன்று வழங்கிய திமிரி நாயனம் குறுகியது. சுருதி மிக உயர்ந்தது. வீதிக்கு அது ஏற்றது; அமர்ந்து ஓர் இராகத்தை விரித்தற்கு ஏற்றதன்று. சுத்த மத்திமமும் அதிற் செம்மையாக எழவில்லை. இவர் வேண்டியவாறே நரசிங்கம்பேட்டை ரங்கன் ஆசாரி, ஆச்சா மரத்தில் நீண்ட பாரி நாயனத்தைக் கடைந்து அக்குறையைத் தீர்த்தார். பிள்ளையைப் புகழ்வோர் இவ்வாசாரியை மறந்துவிடுதல் நன்றன்று. அந்தச் சுத்த மத்திமம் தோடிக்கு இன்றியமையாதது. இராசரத்தினம் என்றவுடன் நினைவுக்கு வருவதும் தோடியே. தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அமைந்த இரவுகளில் அவ்வொரு இராகமே மணிக்கணக்கில் விரியும்.

1940இல் வெளிவந்த கவி காளமேகம் என்னும் திரைப்படத்திலும் நடித்தார். 1947 ஆகஸ்டு 14ஆம் நாள் திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் செங்கோல் அளித்தபோது தில்லியில் ஒலித்தது இவரது நாகசுரமே. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வாராதொழிதலும், ஈட்டியதை எண்ணாது செலவிடுதலும் இவரிடம் இருந்த குறைகள். காத்திருந்து ஏமாந்தவர்களும் அடுத்த கச்சேரிக்கு முன்வரிசை தேடி வந்தனர்.

சங்கீத நாடக அக்காதெமியின் விருது 1955இற் கிடைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சென்னையிற் காலமானார். தோடி இசைத்தட்டு மட்டும் ஊர்தோறும் சுழன்றுகொண்டிருந்தது.